சமையல் எண்ணெயில் லாரி ஓடுமா? பழைய என்ஜினை மாற்றி வைத்தால் டீசல் செலவு குறையுமா? - முழு விவரம்

டீசல் விலை பற்றிப் பேச்சு வந்தாலே லாரி பட்டறைகளில் இரண்டு யோசனைகள் தவறாமல் வரும். "பயோடீசல் ஊத்தி ஓட்டுனா லிட்டருக்கு அஞ்சு ரூபா மிச்சம்" என்பார் ஒருவர். "புது வண்டி அதைத் தாங்காதுப்பா. பழைய பம்ப் என்ஜினைத் தூக்கி வெச்சுட்டா எதை ஊத்துனாலும் ஓடும்" என்பார் இன்னொருவர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, வண்டியை ஒர்க்‌ஷாப்பிலோ ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ கொண்டுபோய் நிறுத்திவிடும். எது சரி, எது சிக்கல் என்று பார்க்கலாம்.

எண்ணெயில் டீசல் என்ஜின் ஓடுமா?

ஓடும். 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே ஒரு டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். பெட்ரோல் என்ஜின் போல இதில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் எரிபொருளைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். அதனால் எண்ணெயும் எரியும்.

பிரச்னை எரிவதில் இல்லை, பீய்ச்சுவதில்தான். சமையல் எண்ணெய் டீசலைவிட சுமார் பத்து மடங்கு கெட்டியானது. இன்ஜெக்டரின் மெல்லிய துளை வழியே அது புகைபோலப் பரவாமல் துளித்துளியாக விழும். சரியாக எரியாத எண்ணெய் கரியாகப் படியும். ரிங் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நாள் நன்றாக ஓடிய வண்டி அப்புறம் என்ஜினைப் பிரிக்க வைத்துவிடும்.

அப்போ பயோடீசல் என்பது என்ன?

எண்ணெய் வேறு, பயோடீசல் வேறு. இதைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

எண்ணெயுடன் மெத்தனாலும், வினையைத் தூண்ட காஸ்டிக் சோடா போன்ற ஒரு காரமும் சேர்த்துச் சூடாக்கினால் அது இரண்டாகப் பிரியும். அடியில் கிளிசரின் தங்கும், மேலே மிதப்பது பயோடீசல். பிறகு கழுவி, ஈரத்தை நீக்கினால் டீசலுக்கு நெருக்கமான கெட்டித்தன்மை வந்துவிடும். இந்தியாவில் இதற்கு ஐ.எஸ். 15607 என்ற தரநிர்ணயமும் இருக்கிறது.

கலப்பு அளவை வைத்துத்தான் பெயர். 20 சதவிகிதம் பயோடீசல், 80 சதவிகிதம் டீசல் என்றால் பி20. முழுக்க பயோடீசல் என்றால் பி100. இந்தியாவில் சாதாரண டீசலிலேயே 7 சதவிகிதம் வரை பயோடீசல் கலக்க தரநிர்ணயம் அனுமதிக்கிறது. எனவே குறைந்த அளவு கலப்பு எந்த வண்டிக்கும் புதிதல்ல, ஆபத்தும் இல்லை.

பழைய என்ஜின் தாங்குகிறது, புதுசு ஏன் தாங்கவில்லை?

பழைய லாரிகளில் இருப்பது மெக்கானிக்கல் பம்ப். அழுத்தம் குறைவு, இடைவெளிகள் அதிகம். எரிபொருள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ்கள் மட்டும் ஊறிப்போய் கசியத் தொடங்கும்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளின் கதை வேறு. காமன் ரெயிலில் அழுத்தம் 2,000 பார் வரை போகும். துளி ஈரமோ, சரியாகக் கழுவாத கிளிசரினோ இருந்தால் முதலில் அடிவாங்குவது இன்ஜெக்டர்தான்.

அடுத்தது சைலன்சர் பக்கம். புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டரை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்ய, சில என்ஜின்கள் சிலிண்டருக்குள் கூடுதல் எரிபொருளைப் பீய்ச்சும். டீசலாக இருந்தால் அது ஆவியாகிப் போய்விடும். பயோடீசல் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது. சுவர் வழியாக இறங்கி என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப் போனால் பேரிங் வரை தேய்மானம்தான்.

இன்னொரு விஷயம், பயோடீசல் நல்ல கரைப்பான். டேங்கில் வருடக்கணக்கில் படிந்த அழுக்கைக் கரைத்து இழுத்துவரும். முதல் சில டேங்குக்குள் ஃபில்டர் அடைத்து வண்டி நடுவழியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சரி, பழைய என்ஜினையே மாற்றி வைத்தால்?

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.-யில் உள்ள விவரத்துக்கும் மாறாக உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது.

என்ஜின் முழுசாகப் போய்விட்டால் மாற்றவே முடியாதா? முடியும். பதிவு அதிகாரியின் அனுமதி வாங்கி மாற்றலாம். 10 அல்லது அதற்கு மேல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு, அதே கம்பெனி, அதே ரக என்ஜினை முன் அனுமதி இல்லாமல் மாற்றிக்கொள்ளும் சலுகையை மாநில அரசு அளிக்கலாம். எப்படி மாற்றினாலும் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

பி.எஸ்.6 வண்டியில் பழைய பம்ப் என்ஜினை இறக்குவது இந்தச் சலுகைக்குள் வராது. அது ரகமும் வேறு, மாசு விதியும் வேறு. பிடிபட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஃப்.சி. எடுப்பதும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேட்பதும் சிக்கலாகிவிடும்.

சட்டம் திறந்துவைத்திருக்கும் வழி ஒன்று உண்டு. பி.எஸ்.6 டீசல் என்ஜினை எடுத்துவிட்டு சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. என்ஜின் வைக்க 2022 ஆகஸ்டில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆனால் அது மொத்த எடை 3.5 டன்னுக்குக் குறைவான வண்டிகளுக்குத்தான். நாமக்கல், சங்ககிரியில் இருந்து வடமாநிலம் போகும் கனரக லாரிகளுக்கு அது பொருந்தாது.

லிட்டருக்கு 5 ரூபாய் மிச்சம்: உண்மையில் மிச்சமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டீசல் லிட்டர் 92 ரூபாய், பயோடீசல் 87 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 கி.மீ. ஓடும் லாரி, லிட்டருக்கு 4 கி.மீ. தருகிறது. டீசல் 2,500 லிட்டர். செலவு 2,30,000 ரூபாய்.

ஒரு லிட்டர் பயோடீசலில் இருக்கும் ஆற்றல் டீசலைவிடச் சுமார் 8 சதவிகிதம் குறைவு. மைலேஜ் 3.68 ஆக இறங்கும். அதே தூரத்துக்கு 2,717 லிட்டர் வேண்டும். செலவு சுமார் 2,36,400 ரூபாய்.

அதாவது 5 ரூபாய் மலிவாக வாங்கியும் மாதம் 6,400 ரூபாய் கைநஷ்டம்! லிட்டருக்குக் குறைந்தது ஏழரை ரூபாயாவது மலிவாகக் கிடைத்தால்தான் அசலுக்கு அசல். இதில் ஃபில்டர், இன்ஜெக்டர் செலவு சேரவில்லை.

ரொம்ப மலிவாகக் கிடைத்தால்?

அப்போதுதான் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, போக்குவரத்துக்கான பயோடீசலை டீசலுடன் கலப்பதற்காக மட்டுமே விற்கலாம். ஆனால் குஜராத்தில் தொழிற்சாலை எண்ணெய்களையே பயோடீசல் என்ற பெயரில் லாரிகளுக்கு ஊற்றி விற்றது பெரிய பிரச்னையாகி, 2021-ல் மாநிலம் முழுக்க சோதனைகள் நடந்தன. வாங்கிய லாரிக்காரருக்கு மிச்சமானது என்ஜின் வேலை மட்டும்தான்.

இந்தோனேசியாவில் முடிகிறது, இங்கே ஏன் முடியவில்லை?

இந்தோனேசியா 2025-ல் டீசலில் 40 சதவிகிதம் பயோடீசல் என்ற அளவுக்குப் போய்விட்டது. பிரேசில் 15 சதவிகிதத்தைத் தொட்டது. இந்தியாவின் இலக்கு 2030-க்குள் வெறும் 5 சதவிகிதம்தான். அதிலும் இப்போது கலப்பது 1 சதவிகிதத்துக்கும் கீழே.

காரணம் எளிது. உலகிலேயே அதிகமாக பாமாயில் எடுக்கும் நாடு இந்தோனேசியா. நாமோ சமையலுக்கான எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறோம். இந்தியா ஆண்டுக்குச் செலவழிக்கும் டீசல் சுமார் 9 கோடி டன். அதில் 5 சதவிகிதம் என்றால் 45 லட்சம் டன். அவ்வளவு எண்ணெய்க்கு எங்கே போவது? காட்டாமணக்கு நட்டால் தீர்ந்துவிடும் என்று இருபது ஆண்டுகளுக்கு முன் சொன்னார்கள். விளைச்சல் வரவில்லை, விவசாயிகள் கைவிட்டார்கள்.

அங்கே லாரிக்குப் போகும் எண்ணெய், இங்கே அடுப்பங்கரைக்கு வரவேண்டிய எண்ணெய் என்பதும் கவனிக்க வேண்டியது. 2022 ஏப்ரலில் உள்நாட்டு விலை ஏறியதும் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரங்களுக்கு மேல் நிறுத்தியது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயிலுக்கு அரசு போடும் மானியமும் இந்தச் சந்தையைப் பொறுத்ததுதான்.

அடுத்து என்ன?

சிக்கல் இல்லாத மூலப்பொருள், பொரித்து முடித்த எண்ணெய். கெட்டுப்போன எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்த 2018 ஜூலை முதல் கட்டுப்பாடு உள்ளது. அதைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. ஆனால் ஹோட்டலில் மிஞ்சும் எண்ணெய் முழுவதும் ஆலைக்கு வருவதில்லை. மலிவு விலைக்குக் கைமாறி மறுபடி வடைச்சட்டிக்கே போய்விடுகிறது.

இன்னொரு பக்கம், டீசலில் எத்தனால் கலக்கும் முயற்சி வெற்றி பெறவில்லை என்றும், 10 சதவிகிதம் ஐசோபியூட்டனால் கலப்பது பற்றி ஆய்வு நடக்கிறது என்றும் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2025 செப்டம்பரில் தெரிவித்தார். எத்தனாலைவிட இது டீசலோடு நன்றாகக் கலக்கும். ஆனால் ஓடும் லாரிகளுக்கு இது ஒத்துவருமா என்பதைச் சோதனைகள்தான் சொல்ல வேண்டும்.

லாரி உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியவை

* வண்டியின் கையேட்டில் எத்தனை சதவிகிதக் கலப்பு வரை அனுமதி என்று பாருங்கள். அதைத் தாண்டினால் வாரண்டி போய்விடும்.
* பில் தராத, தரச்சான்று காட்டாத இடத்தில் நிரப்பாதீர்கள்.
* மாற்றிய என்ஜினுள்ள பழைய லாரி வாங்கினால், என்ஜின் நம்பர் ஆர்.சி.-யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.
* லிட்டர் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்பதுதான் சரியான கணக்கு.