முதலாளிக்கு யார் லீவு கொடுப்பது?

சிம்பாங் பூலாய் வழியாக மலையேறுகிறவர்கள் கம்போங் ராஜா, கோலா தெர்லா தாண்டித் திரிங்காப் வந்ததும் தேநீருக்காக வண்டியை நிறுத்துவதுண்டு. சென்ற பள்ளி விடுமுறையில் நானும் ஒரு கடையில் நிறுத்தினேன். பன்னிரண்டு வெள்ளிக் கணக்குக்கு இருபது வெள்ளி கொடுத்தேன். கல்லாவில் இருந்தவர் மீதியோடு ஐம்பது வெள்ளித் தாள் ஒன்றையும் சேர்த்து நீட்டினார். திருப்பிக் கொடுத்தபோது சிறிது நேரம் அதையே வெறித்துப் பார்த்தார். "இப்பல்லாம் எது எதுன்னே தெரியலக்கா" என்றார்.

காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறார். இரவு பத்து மணிக்கு மேல் கணக்குப் பார்க்கிறார். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து சுற்றுலாக் கூட்டம் நின்றபோது வாங்கிய கடன் இன்னும் இருக்கிறதாம். கடையை மறுபடி திறந்ததிலிருந்து ஒரு நாள்கூட மூடவில்லை.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தருகிறது. 2023 ஜனவரி முதல் வார வேலை நேரமும் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. இவர் கடைப் பையனுக்கு அந்த ஓய்வு நாளைத் தவறாமல் கொடுக்கிறார். அன்றைக்குப் பையனின் வேலையையும் இவரே பார்க்கிறார்! முதலாளிக்கு லீவு கொடுக்கச் சட்டம் ஏது?

இந்த நிலைக்கு 1974இல் ஃபிராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 'பர்ன் அவுட்' என்று பெயர் வைத்து எழுதினார். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இது நோயல்ல, தீராத வேலை நெருக்கடியால் வருவது என்று விளக்கியது. அது சொல்லும் அடையாளங்கள் மூன்று: உடம்பில் சக்தியே இல்லாமை, செய்யும் தொழிலில் வெறுப்பு, வேலையில் திறமை குறைவது. அந்த ஐம்பது வெள்ளித் தாள் மூன்றாவதைச் சேர்ந்தது. ஆனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் களைப்பு என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தோட்டத்து வாசகர்களுக்குக் கவாத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை செடியை வெட்டிவிடுகிறார்கள். பிறகு சில மாதம் அந்த மலையில் கொழுந்து கிடையாது. எந்தக் கிராணியும் அதை நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை. வெட்டாமல் விட்டால்தான் செடி மரமாகி, கொழுந்து குறையும்.

இதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "கடைய மூடுனா வாடிக்கை போயிடுமேக்கா!" நியாயமான பயம்தான். சனி, ஞாயிறு மூடச் சொன்னால் நான்தான் முட்டாள். விற்பனைப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினோம். பள்ளி விடுமுறை இல்லாத வாரங்களில், வார நடுவே ஒரு நாள் விற்பனை கேஸ் செலவுக்கும் பையன் கூலிக்குமே சரியாகிவிடுகிறது. அந்த நாளில் அவர் தமக்காகச் சம்பாதித்தது ஒன்றுமில்லை. கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே டப்பாவில் கிடந்ததால் இது அவர் கண்ணில் படவேயில்லை. தமக்கென்று மாதச் சம்பளம் ஒன்றை எடுத்துத் தனியே வைக்கும்படியும் சொல்லிவைத்தேன். அதற்கு அவர் தலையாட்டினாரே தவிர, செய்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதுவரை சமையற்கட்டில் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி கைகளைத் துடைத்தபடி வந்தார்.

"ஒரு கல்யாண வீட்டுக்குக்கூட நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போயி வருஷக் கணக்காச்சுக்கா" என்றவர், சுவரிலிருந்த நாட்காட்டியை எடுத்து அவர்முன் வைத்தார். "செவ்வாயா, புதனா? இப்பவே சொல்லுங்க."