வாக்காளர் பட்டியலை எப்போது துடைப்பது?

கம்ப்யூட்டர் அட்டவணையில் ஒரு வரியை அழித்தால் அது உடனே போய்விடாது. போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் 'செத்த வரி'யாக அங்கேயே கிடக்கும். அவ்வப்போது ஓடும் சாதாரண 'வேக்யூம்' அந்த இடத்தைக் காலி என்று குறித்துவிடும். அடுத்து வரும் வரி அதில் உட்காரும். நம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் மாதிரிதான். ஒருவர் ரிட்டயர் ஆகிச் சாவியைக் கொடுத்தால் அடுத்தவருக்கு ஒதுக்குகிறார்கள். பிளாக்கையே இடித்துக் கட்டுவதில்லை. இடித்துக் கட்டுகிற வேலைக்கு 'வேக்யூம் ஃபுல்' என்று பெயர். அட்டவணை முழுவதையும் புதிதாக எழுதும். முடியும்வரை யாரும் அதைப் படிக்கக்கூட முடியாது.

சென்ற ஆண்டு இறுதியில் நம் வாக்காளர் பட்டியலுக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. 2025 அக்டோபர் 27 நள்ளிரவோடு பட்டியலை முடக்கினார்கள். நவம்பர் 4 முதல் வீடு வீடாகப் படிவம். டிசம்பர் 19-ல் வரைவு வந்தபோது 6.41 கோடி பேர் 5.43 கோடியாகியிருந்தார்கள். நீக்கியவர்களில் சுமார் 27 லட்சம் பேர் இறந்தவர்கள்.

துப்புரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதற்கு முன் தீவிரத் திருத்தம் நடந்தது 2002-லும் 2005-லும். நெய்வேலி போன்ற ஊரில் பட்டியல் வீங்காமல் என்ன செய்யும்? ரிட்டயர் ஆனவர் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார். பெயர் மட்டும் பழைய குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறது, வாடகை இல்லாமல்!

என் வழக்கு நாளைப் பற்றியது. கடலூர் மாவட்டத்தில் நவம்பர் என்றால் மழை, புயல். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத் தேர்தல். செத்தவர் பெயர் கிடந்தால் கள்ள ஓட்டுக்கு வழி என்பீர்கள். உண்மைதான், ஆனால் அதைத் தடுக்க பூத்தில் ஏஜெண்டும் அடையாள அட்டையும் இருக்கின்றன. உயிரோடிருப்பவர் பெயர் போய்விட்டால் தேர்தலன்று பூத்தில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் ஆனதால் எனக்கு 'எத்தா சிவில்' பதிவேடு ஞாபகம் வருகிறது. பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே அவருடைய திருமணம், மரணம் எல்லாவற்றையும் அவ்வப்போது குறித்துவிடுவார்கள். அன்றாட வேலை அன்றாடம் முடியும். நம்மிடமும் வழி பிறந்திருக்கிறது. 2023-ல் திருத்திய பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், இந்தப் பதிவுகளை வாக்காளர் பட்டியல் தயாரிப்பவர்களுக்கும் தர இடமளிக்கிறது. ஒவ்வொரு மாதமும் அதை ஒப்பிட்டுப் பார்த்தாலே இறந்தவர்கள் இப்படி லட்சக்கணக்கில் சேர மாட்டார்கள்.

அதற்கு மேலும் இடித்துத்தான் கட்ட வேண்டுமென்றால், சட்டமன்றத் தேர்தல் முடிந்த கையோடு ஜூன், ஜூலையில் தொடங்கட்டும். இங்கே பெருமழை கிடையாது. அடுத்த மக்களவைத் தேர்தல் 2029-ல். இடையில் உள்ளாட்சித் தேர்தல் குறுக்கிடலாம், பரவாயில்லை. விடுபட்டவர் படிவம் 6-ஐ எடுத்துக்கொண்டு நாலு முறை அலைந்தாலும் பெயரைச் சேர்க்க நாள் மிச்சமிருக்கும்.