கணினி பொதுவாக இருக்கட்டும், கடிதப்பெட்டி வேண்டாம்



நமது பாடசாலை ஒபீஸ்களிலும், பள்ளிவாசல் நிர்வாகங்களிலும், சங்கங்களிலும் ஒரு கணினியைப் பலர் பாவிக்கிறோம். அதில் தவறில்லை. ஆளுக்கொரு கணினி வாங்க வசதி ஏது? ஆனால் அதோடு சேர்த்து ஒரே ஈமெயிலையும் எல்லோரும் திறக்கிறோம். பாஸ்வேர்ட் மொனிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். இடமாற்ற விண்ணப்பம், மருத்துவ லீவு, ஸகாத் கேட்டு ஒரு விதவைத் தாய் அனுப்பிய கடிதம், எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள். யார் வாசித்தார், யார் அழித்தார் என்று பிறகு கேட்டால் பதில் இல்லை.

நம்மவர்கள் கெட்டவர்கள் என்பதால் இப்படி நடக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் புரொஃபைல் செய்து கொடுப்பது கரைச்சலான வேலை. சேர்வரின் பெயர், வரும் கடிதத்துக்கு 993, போகும் கடிதத்துக்கு 587 என்று போர்ட் இலக்கங்கள்... விஷயம் தெரிந்த தம்பி ஒருவர் வந்து ஒருமுறை செய்துவிட்டுப் போவார். அடுத்த ஆளுக்கு அவரை மறுபடி தேட வேண்டும். அதனால் இருப்பதையே பாவிக்கிறோம்.

இந்தக் கரைச்சலை இப்போது கணினியிடமே விடலாம். முதலில் ஆளுக்கொரு விண்டோஸ் லொகின் வேண்டும். அவுட்லுக் புரொஃபைல் அந்தந்த லொகினுக்குள்தான் சேமிக்கப்படுகிறது. டொமைன் லொகினும் எக்ஸ்சேஞ் சேர்வரும் உள்ள காரியாலயத்தில் 'ஸீரோ கொன்ஃபிக் எக்ஸ்சேஞ்' என்ற செட்டிங்கை நிர்வாகி ஒருமுறை போட்டால் போதும். ஒருவர் தன் பெயரில் உள்ளே போய் அவுட்லுக்கைத் திறக்கும்போது அவருடைய பெட்டியே திறக்கும். அவ்வளவு வசதி இல்லாத சங்கங்களுக்கு இலவசமான தண்டர்பேர்ட் இருக்கிறது. சங்கத்தின் இணைய முகவரியில் 'ஓட்டோகொன்ஃபிக்' கோப்பு ஒன்றை வைத்துவிட்டால், அது பெயர், ஈமெயில், பாஸ்வேர்ட் மூன்றை மட்டும் கேட்கும். சேர்வர் விபரங்களைத் தானே எடுத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. இலகு என்று எல்லோருடைய பாஸ்வேர்டையும் ஒரே கோப்பில் எழுதி வைத்து, அதைக் கொண்டு புரொஃபைல் செய்து தருவோரும் உண்டு. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. அது எல்லா வீட்டுத் திறப்பையும் ஒரே கோர்வையில் போட்டு வாசலில் தொங்கவிடுவது போன்றது. சேர்வர் விபரத்தைக் கணினி நிரப்பட்டும். பாஸ்வேர்டை உரியவரே அடிக்கட்டும்.

தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் நமது நாட்டிலும் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் சட்டத்துக்கு முன்பே, பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று ஸலாம் சொல்லி நுழையும் ஒழுக்கத்தை சூரா அந்நூர் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. பிறர் கடிதமும் அப்படித்தான். அது அமானிதம்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இந்த ஒரு கேள்வியைக் கேட்போம்: நமது ஒபீஸ் ஈமெயிலின் பாஸ்வேர்ட் எத்தனை பேருக்குத் தெரியும்?