மிதக்குற கல்லும் மிதக்குற தண்ணியும்

இந்த வருஷமும் நம்ம ஐ.வி. லிஸ்ட்ல ராமேஸ்வரம் இருக்கு. பாம்பன்ல புது தூக்குப் பாலத்தைப் பாக்கிறது படிப்புக் கணக்கு, அங்கிருந்து தனுஷ்கோடி போறது நம்ம கணக்கு. போகப்போற ஜூனியர்ஸ் எல்லாரும் இதைப் படிச்சிட்டு பஸ் ஏறுங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். பஸ் மண்டபம் தாண்டும்போதே ரெண்டு கட்சி உருவாகிடும். "ராமர் கட்டின பாலம்னு நாசாவே சொல்லிடுச்சு"னு ஒரு கட்சி. "எல்லாம் வெறும் மணல் திட்டு, சும்மா கதை"னு இன்னொரு கட்சி. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில்: வானத்துல இருந்து எடுத்த அந்தப் படம் உண்மை, ஆனா அது மனுஷன் கட்டினதுன்னு நாசா சொல்லல. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல கடல் ரொம்ப ஆழம் கம்மி. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி, பனியுக காலத்துல, கடல் மட்டம் இப்போ இருக்கிறதை விட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்துச்சு. அப்போ இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலம். அதுக்காகக் கதையைத் தூக்கிப் போடணும்னு நான் சொல்லல. வால்மீகி ராமாயணத்துல நளன் அஞ்சு நாள்ல சேதுவைக் கட்டி முடிக்கிறார். ஒரு வகையில நமக்கெல்லாம் சூப்பர் சீனியர். ஆனா ஊர்ப் பேரைக் கவனிங்க. தனுசு-ன்னா வில், கோடி-ன்னா முனை. திரும்பி வரும்போது ராமரே வில்லோட முனையால சேதுவை உடைச்சார்ங்கிறதுதான் இந்தப் பேருக்குச் சொல்ற கதை. கட்டின இடத்தை விட உடைச்ச இடத்துக்குத்தான் பேர் நிலைச்சிருக்கு!

அடுத்து, மிதக்குற கல். ராமேஸ்வரத்துல தொட்டித் தண்ணியில போட்டு வெச்சிருப்பாங்க. கும்பிடுறவங்க கும்பிடுங்க, அது உங்க விருப்பம். ஃபிசிக்ஸ் கேக்கிறவங்களுக்கு: காய்ஞ்ச பவளக் கல்லுக்குள்ள நிறைய ஓட்டை, ஓட்டைக்குள்ள காத்து. மொத்த அடர்த்தி தண்ணியை விடக் குறைஞ்சா மிதக்கும். ஆர்க்கிமிடிஸ் விஷயம்தான். ஆனா "நானும் ஒண்ணு எடுத்துட்டுப் போறேன்"னு மட்டும் கிளம்பாதீங்க. பவளம் ஒரு உயிரினம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அட்டவணை 1-ல, அதாவது புலி இருக்கிற அதே பட்டியல்ல இருக்கு. மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவுகளும் 1986-ல இருந்து கடல்சார் தேசியப் பூங்கா. உங்க ஹாஸ்டல் ஷெல்ஃபுக்கு ஒரு பவளம் போனா அது சுவனீர் இல்ல, கேஸ்.

இப்போ நான் எழுத வந்த விஷயம். மிதக்குற கல்லைச் சுத்தி அவ்வளவு கூட்டம் நிக்குது. அதே ஊர்ல மிதக்குற தண்ணி ஒண்ணு இருக்கு, அதை யாரும் எட்டிப் பாக்கிறதில்ல.

தனுஷ்கோடி மணல்ல குடிசை போட்டு வாழுற மீனவக் குடும்பங்கள், கடலுக்குக் கொஞ்ச தூரத்துலயே கையால ஊத்துத் தோண்டித் தண்ணி எடுப்பாங்க. ரெண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவுல குடிக்கிற தண்ணி. எப்படி? மழைத் தண்ணி மணலுக்குள்ள இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணி மேல மிதக்குது. நல்ல தண்ணியோட அடர்த்தி 1.000, கடல் தண்ணி 1.025. சிவில் பசங்களுக்குத் தெரிஞ்ச கிபென் - ஹெர்ஸ்பெர்க் கணக்குதான் இது. ஏட்டுக் கணக்குப்படி, நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நின்னா, கீழே 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. மேல ஒரு அடி இறங்கினா, கீழே உப்பு 40 அடி ஏறும். அவ்வளவு குறுகலான மணல் பட்டையில இந்தத் தண்ணி எத்தனை மெல்லிசா இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

2017-ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்துச்சு. அதுக்கு முன்னாடி மணல்ல வேன்லயும் ஜீப்லயும்தான் போகணும். இப்போ கார், பஸ் எல்லாம் நேரா முனைக்கே போகுது. ரோடு வந்தது தப்புன்னு நான் சொல்லல. அங்க இருக்கிறவங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஸ்கூலுக்கும் போக வழி வேணும். என் பிரச்சினை ரோடு வழியா வர்ற நம்மளைப் பத்தி. நம்ம தட்டு, கப், பாட்டில், கழிவு எல்லாம் இறங்குறது அதே மணல்லதான். அந்த மணல்தான் அவங்க தண்ணி டேங்க். இன்னும் ஹோட்டல், இன்னும் போர்வெல்னு போனா அந்த டேங்க் என்ன ஆகும்னு எந்த டூர் பிளானும் கணக்குப் போடல.

"டெவலப் பண்ணா ஊர் திரும்பி வந்துடும்"னு சொல்வாங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி வரைக்கும் அங்க ஊர் இருந்துச்சு. ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், தேவாலயம், தலைமன்னாருக்குக் கப்பல், சென்னையில இருந்து போட் மெயில், எல்லாம் இருந்துச்சு. பாம்பன்ல இருந்து வந்த ரயிலையே புயல் அலை பயணிகளோட கொண்டுபோயிடுச்சு. அப்புறம்தான் அரசு அதை வாழத் தகுதியில்லாத இடம்னு அறிவிச்சுது. 2019-ல அங்க மறுபடியும் ரயில் பாதை போட அடிக்கல் நாட்டினாங்க. இந்த மாதிரி ப்ராஜெக்ட் நாளைக்கு நம்ம டேபிளுக்கு வரும். "கட்ட முடியுமா?"ன்னு மட்டும் கேட்டா நாம பாதி எஞ்சினியர். "இந்த மணல் தாங்குமா, இங்க இருக்கிறவங்க குடிக்கிற தண்ணி தாங்குமா?"ன்னும் கேட்கணும்.

அதனால போங்க, கண்டிப்பா போங்க. பாக் நீரிணை பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடா பக்கம் ஆண் கடல்னு அங்க உள்ளவங்க சொல்வாங்க. தென்மேற்குக் காத்து அடிக்கும்போது ஒண்ணு கொந்தளிக்கும், வடகிழக்குக் காத்துல இன்னொண்ணு. முனையில இறங்கிக் குளிக்காதீங்க, நீரோட்டம் இழுக்கும். கொண்டுபோற பாட்டிலை பஸ்ஸுக்கே திருப்பிக் கொண்டு வாங்க. மீன் விக்கிற அக்காகிட்ட வறுவல் வாங்கிச் சாப்பிட்டு, "ஊத்து எங்கக்கா இருக்கு?"ன்னு கேளுங்க. காட்டினா, செருப்பைக் கழட்டிட்டுத் தள்ளி நின்னு பாருங்க. ஐ.வி. ரிப்போர்ட்ல பாம்பன் பாலத்துக்கு நாலு பக்கம் எழுதுவீங்க இல்ல, அந்த ஊத்துக்கு ஒரு பக்கம் எழுதுங்க.