"விடுங்க தாத்தா, நான் பண்றேன்!"

இந்த வார்த்தையைக் கேட்காத பெரியவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்வதிலிருந்து கேஸ் புக் செய்வது வரை, நம் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிக்கொள்வதை மரியாதை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் என் பழைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. கல்லூரியில் படிக்கும் பேரன், பாகங்களை வாங்கி நாமே பூட்டலாம் என்றான். எழுபதைத் தாண்டிய எனக்கு இதுதான் முதல் அனுபவம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். மதர்போர்டை பிரெஞ்சில் 'கார்த் மேர்' என்பார்கள், அங்கேயும் தாய்தான். அப்புறம் என்ன பயம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கேபினெட்டின் இரும்பைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலை மின்சாரத்தை இறக்கினோம். மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்தோம். ப்ராசஸரின் மூலையிலுள்ள சின்ன முக்கோணக் குறியை சாக்கெட்டின் குறியோடு சேர்த்து வைத்தேன். அழுத்தவே கூடாது, தானாக உட்காரும். பிறகு பக்கத்துக் கம்பியை மடக்கினால் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து கூலர். எங்கள் மாடலில் சாக்கெட்டின் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் கொக்கிகளைக் கழற்ற வேண்டும். அப்போது அடித்தகடு கழன்று விழும். ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கூலரின் அடியில் தெர்மல் பேஸ்ட் பூசியே வந்தது. இரண்டு உலோகங்களுக்கு நடுவே காற்று நிற்காமல் நிரப்பி, சூட்டைக் கடத்துவது அதுதான். அதில் விரல் படக்கூடாது.

நாலு ஸ்க்ரூ. பேரன் ஒன்றை எடுத்த எடுப்பிலேயே முழுக்க முடுக்கப் போனான். "தூஸ்மான்!" என்றேன். 'மெதுவாக' என்று எங்கள் வாத்தியார் அடிக்கடி சொல்லும் பிரெஞ்சுச் சொல். எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால்தான் கூலர் ஒரு பக்கம் சாயாது. கார் சக்கரத்து நட்டும் அப்படித்தானே!

போர்டை கேபினெட்டில் இறக்கும் முன் எண்ணிப் பார்த்தேன். போர்டில் எட்டுத் துளை. கேபினெட்டில் ஒன்பது பித்தளைக் கால். துளை இல்லாத இடத்தில் நிற்கும் கால், போர்டின் அடியிலுள்ள ஈயப் பற்றுகளில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். அந்த ஒன்றைக் கழற்றிய பிறகே பூட்டினோம். பேரன் அதைக் கவனிக்கவில்லை. கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது கிளார்க் புத்தி. அது இன்னும் ஓய்வு பெறவில்லை.

எல்லாம் என்னால் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். முன்பக்க சுவிட்ச் ஒயர்களுக்கான பின்கள் எள்ளளவு. கண்ணாடியும் டார்ச்சும் இருந்தும் கை ஓடவில்லை; அவன்தான் செருகினான். கூலர் ஒயரை 'சி.பி.யு. ஃபேன்' என்று போட்டிருக்கும் இடத்தில் செருக ஞாபகப்படுத்தியது நான். சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது. இருவரும் சிரித்தோம்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எங்கள் கை நடுங்கலாம். ஆனால் இதுபோன்ற வேலைக்கு வேகத்தைவிட நிதானம்தான் தேவை; அது எங்களிடம் நிறையவே இருக்கிறது. முடியாததை நாங்களே கேட்போம். அதற்கு முன் பிடுங்காதீர்கள்.

நண்பர்களே, அடுத்த முறை வீட்டில் "விடுங்க" என்றால், "நீ பக்கத்துல உட்காரு, நான் பண்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். இந்தப் பதிவை அந்தக் கம்ப்யூட்டரில்தான் அடித்தேன்.