பழைய கம்ப்யூட்டருக்கு மறுவாழ்வு!
‘எஸ்.எஸ்.டி.’ வாங்குமுன் யோசியுங்கள்

பொத்தானை அழுத்திவிட்டு, காப்பி போட்டுக் குடித்து முடித்தாலும் திரை விழிப்பதில்லை. புதிய கம்ப்யூட்டர் வாங்கவோ பணம் இல்லை. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தக் கவலை உண்டு.

இதற்கு ஒரு வழி ‘எஸ்.எஸ்.டி.’ விவரங்களைச் சேமித்து வைக்கும் சிறிய சாதனம் அது.

வேகம் ஏன்?

பழைய ‘ஹார்டு டிஸ்க்’கில் தட்டு சுழலும். கேட்ட விவரம் இருக்கும் இடம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். உத்தர வீதி, சித்திரை வீதி எல்லாம் சுற்றி ஒரு வீட்டைத் தேடுவது போல!

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. நேரே அந்த வீட்டு வாசலிலேயே போய் இறங்குவது போல!

விலை ஏன் ஏறியது?

செயற்கை அறிவுக்காகப் பெரிய கம்பெனிகள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவிக்கின்றன. அதனால் 2025-ம் ஆண்டுக் கடைசியில் விலை ஏறியது. 1996 முதல் ‘குருஷியல்’ என்ற பெயரில் வீடுகளுக்கு விற்றுவந்த அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி, அந்த வியாபாரத்தை விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய புள்ளிகளின் போட்டியில் அடி விழுவது சாதாரணக் குடும்பத்துக்கு!

எதைப் பார்ப்பது?

‘விநாடிக்கு 7 ஆயிரம் மெகாபைட்’ என்று விளம்பரம் சொல்லும். மயங்க வேண்டாம். பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் ‘சாட்டா’ இணைப்புதான் இருக்கும். அதில் 600-ஐத் தாண்ட முடியாது. அதற்கு மேல் கொடுக்கும் காசு வீண்.

அடுத்தது ஆயுள். உதாரணமாக, சாம்சங் ‘870 ஈவோ’ 1 டெராபைட் சாதனத்துக்கு உத்தரவாதம் 5 ஆண்டு, அல்லது 600 டெராபைட் எழுதும்வரை. எது முந்துகிறதோ அதுவரை. ஒரு குடும்பம் தினமும் 20 கிகாபைட் எழுதினாலும், 5 ஆண்டில் 37 டெராபைட்கூட ஆகாது. ஆகவே ‘தேய்ந்துவிடுமோ’ என்ற பயம் வேண்டாம்.

ஆனால் எந்தச் சாதனமும் திடீரென்று பழுதாகலாம். கல்யாணப் படங்களுக்கும் பிள்ளைகளின் சான்றிதழ்களுக்கும் வேறோர் இடத்திலும் நகல் இருக்கட்டும். மிக மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத சரக்கை ஒதுக்குங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். காவிரிக்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா, என்ன?