முகம் காணாத உறவின் கடிதம்

போர் உறவுகளைப் பிரிக்கிறது. கடிதம் அவற்றைப் பிணைத்து வைக்கிறது. இதனை நம்மவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், எழுதியவர் மறைந்த பின்னர் அக்கடிதம் யாருக்கு உரியது என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமா?

லோறன்ஸ் றொஜர்ஸ் கியூபெக் மாகாணத்து விவசாயி. 1915இல் கனடியப் படையிற் சேர்ந்து, காயமுற்றோரைப் பராமரிக்கும் பணியில் ஐரோப்பா சென்றார். களத்திலிருந்து மனைவிக்கும் இரு பிள்ளைகளுக்கும் தொடர்ந்து எழுதினார். அவரது சின்னஞ்சிறு மகள், தந்தைக்குத் துணையிருக்கட்டுமெனத் தன் கரடிப் பொம்மையை அனுப்பிவைத்தாள். 1917 ஒக்ரோபர் 30ஆம் நாள் பெல்ஜியத்தின் பாஷண்டேல் சமரில் அவர் மாண்டார். பொம்மை மட்டும் வீடு திரும்பியது.

2002இல், குடும்பத்தின் பழைய கைப்பெட்டியொன்றில் இருநூறுக்கும் மேற்பட்ட அக்கடிதங்களை அவரது பேத்தி கண்டெடுத்தார். பேத்தியின் முகத்தைப் பாட்டனார் கண்டதில்லை. பாட்டனாரின் குரலைப் பேத்தி கேட்டதில்லை. எண்பத்தைந்து ஆண்டுகளின் பின் அவர்களுக்கிடையே உறவு பிறந்தது. பொம்மை இன்று ஒட்டாவாவிலுள்ள கனடியப் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே போரில் பிரான்சுக்குச் சென்ற இந்தியப் படையினர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களிற் பலர் எழுத்தறியாதவர். பிறரைக் கொண்டு எழுதுவித்தனர். அக்கடிதங்களைத் தணிக்கை அலுவலகம் படித்து, சில பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தது. இன்று பிரித்தானிய நூலகத்தில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அந்த மொழிபெயர்ப்புகளே. பாட்டனின் சொந்தச் சொல்லைத் தேடும் பேரன், அங்கே அந்நியரின் சொல்லையே காண்கிறான்.

இவ்விரண்டில் எது நமது கதையாகப் போகிறது?

என் தமக்கையார் 1995இல், அதே ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவில், வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்தவர். 1997இல் வன்னியிலிருந்து என் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவன் வயது இரண்டு. 'மருமகனே, இங்கே முருங்கை பூத்திருக்கிறது. நீ வரும்போது காய்க்கும்' என்பது அதில் ஒரு வரி. அவர்கள் இருவரும் சந்திக்கவேயில்லை. தமக்கையார் இன்று உயிருடன் இல்லை.

சென்ற ஆண்டு அக்கடிதம் மகனின் கையில் அகப்பட்டது. தன் பெயரைக்கூட அதில் அவனால் வாசிக்க முடியவில்லை. "அப்பா, மாமி என்ன எழுதியிருக்கிறா?" என்று கேட்டான். ஊரிற் பிறர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்த நான், இங்கே இரண்டு வேலைகளுக்கிடையில் என் பிள்ளைக்கு அதனைக் கற்பிக்கத் தவறினேன். வாசித்துக் காட்டினேன். மீண்டும் வாசிக்கச் சொன்னான். இப்பொழுது ஞாயிறுதோறும் அக்கடிதத்தைக் கொண்டே அவனுக்கு எழுத்துக் கற்பிக்கிறேன்.

அந்தத் துயரத்தைப் பிள்ளைகளின் தலையில் ஏன் சுமத்த வேண்டும் என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. ஆனால் நம் கடிதங்களில் துயரம் மட்டுமா உண்டு? முருங்கையும் உண்டு, சுகம் விசாரிப்பும் உண்டு, நம் பிள்ளையைக் காணாமலே நேசித்த ஒருவரின் கையெழுத்தும் உண்டு. அதை மறைக்க நமக்கு உரிமையில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பிறர் எரித்தனர். நம் வீட்டுக் கடிதங்கள் அழியுமானால் பழி நம்முடையதே. ஆதலால் பெற்றோர்களே, நிலவறை ஈரத்திலிருந்து அப்பெட்டிகளை மேலே கொண்டுவாருங்கள். எழுதியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பவற்றைத் தனித்தாளிற் குறித்து வையுங்கள். பிரதியெடுத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையை அருகில் இருத்தி ஒரு கடிதத்தை உரக்க வாசியுங்கள்.

முகவரியில் நம் பெயர் இருக்கலாம். கடிதம் அவர்களுக்கும் உரியது.